நிவித்திகலவில் ஒரு சைரனும் காணாமல் போன ஃபங்ஷனும்

2008 ஒக்டோபரில் நிவித்திகலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். கொழும்பில் என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லா அந்தத் தோட்டத்துப் பெண். அவள் வீடிருக்கும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் உள்ள மண்மேட்டில் பிளவு விழுந்திருந்தது. மழை எல்லை மீறினால் சைரன் ஊதும் சின்னக் கருவி ஒன்றை நாங்கள் செய்திருந்தோம். அதைப் பொருத்தத்தான் நாங்கள் இருவரும் செய்த இந்தப் பயணம்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி நூறு கிலோமீட்டர். காலை ஆறு மணி பஸ் நல்லது. எஹலியகொட தாண்டியதும் இறப்பர் மரங்களுக்கிடையே பனி படுத்துக் கிடந்தது. பஸ் ஓடுகிறதா, மரங்கள்தான் பின்னால் நழுவுகின்றனவா என்று தெரியாத அரைத்தூக்கம். இரத்தினபுரியில் பஸ் மாறி நிவித்திகல போய், அங்கிருந்து த்ரீவீல் ஆட்டோ பிடித்தோம்.

"மழ புடிச்சா வண்டி மேல ஏறாதுங்க, சட்டுனு போயிருவோம்" என்றார் டிரைவர்.

லயத்துக்குப் போனதும் மடிக்கணினியைத் திறந்தேன். மழையளவைத் தசமத்தில் திரையில் காட்டும் வரியை முந்தைய நாள்தான் சேர்த்திருந்தோம். கணினியில் அது ஓடியது. கருவிக்குள் இருக்கும் போர்டுக்காக கம்பைல் செய்தால், `_sbrk` என்ற ஃபங்ஷன், நிரலின் ஒரு சிறு பகுதி, எங்குமே இல்லை என்று, நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் நின்றுவிட்டது. தசமத்தை எழுத, ஆயத்த நிரல்களின் தொகுப்பான லைப்ரரி கொஞ்சம் நினைவகம் கேட்கும்; அதை வாங்கித் தருவதுதான் `_sbrk`. கணினியில் அதை இயங்குதளம் கொடுக்கும். போர்டில் இயங்குதளம் ஏது?

"அந்த வரிய எடுத்துருவோமா?" என்றேன்.

"வேணாண்ணே. நம்பர் தெரியலேன்னா நம்ம ஆளுங்க வெளிய வர மாட்டாங்க" என்றாள் ஸ்டெல்லா.

அதே பெயரில், பூச்சியத்தைத் திருப்பித் தரும் வெற்று ஃபங்ஷன் ஒன்றை எழுதினேன். லிங்கர் அமைதியானது; ப்ரோக்ராமைப் போர்டில் ஏற்றிக் கருவியைப் பொருத்தினோம். சைரன் ஊதுகிறதா என்று பார்க்க, பக்கத்து வீட்டு மேரி அத்தை மழைமானியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். திரை அப்படியே உறைந்துபோனது.

"சத்தமே வரலீங்களே தம்பி" என்றார். மேட்டுக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

நான் தந்த பூச்சியத்தை லைப்ரரி நினைவக முகவரியாக எடுத்துக்கொண்டது; பூச்சியமாம் முகவரியில் இருப்பது எங்கள் ப்ரோக்ராமே. அங்கே எழுதப் போய்த்தான் போர்டு செத்திருக்கிறது. இம்முறை ஸ்டெல்லா எழுதினாள். எங்கள் தரவு முடியும் இடத்திலிருந்து மேல்நோக்கி நினைவகத்தைக் கொடுப்பது, மறுமுனையிலிருந்து கீழ்நோக்கி வளரும் ஸ்டாக்கைத் தொடப் போனால் மறுத்துவிடுவது. பத்துப் பன்னிரண்டு வரிதான். இரண்டாம் செம்புக்கு சைரன் அலறியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிற்பகல் மழை பிடித்தது. தேயிலைச் சரிவு, கூரை, பாதை எல்லாம் ஒரே வெள்ளையாகக் கரைந்தன. அந்த வெண்மைக்குள்ளிருந்து சைரன் கேட்டபோது கனவு போலிருந்தது. மேரி அத்தை திரையை ஒரு தரம் பார்த்தார், பேரனை இடுப்பில் தூக்கினார், நடந்தார். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். மேட்டிலிருந்து தள்ளியிருந்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

மேடு சரியவில்லை. லயத்துக்குத் திரும்பும்போது, வீணாக நனைய வைத்ததற்கு யாராவது திட்டுவார்கள் என்று பயந்தேன்.

போகிறவர்களுக்கு: ஒக்டோபரில் குடையும், அட்டைக் கடிக்கு உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் இணையம் இல்லை. லைப்ரரியின் கையேட்டை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத ஃபங்ஷனுக்கு வெறும் பெயரை மட்டும் வைத்து லிங்கரின் வாயை அடைக்காதீர்கள். அது என்ன வேலை செய்ய வேண்டும் என்று முதலில் பாருங்கள்.

மேரி அத்தை திட்டவில்லை. வாசலில் சேலையைப் பிழிந்தபடி சொன்னார்: "மண்ணு வரல, சரி. நாங்க எல்லாரும் வெளிய வந்துட்டோம்ல?"