தேர் வாரத்தில் போர்டிங்கில் ஓர் இடம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் உபாத்தியாயர்களைப் பழக்கும் டிரெயினிங் பள்ளி ஒன்றின் போர்டிங்குக்கு நான் சூப்பரின்டெண்டன்டாகப் போன முதல் வாரம், ஆடிப்பூரத் தேர் வாரம். ராஜபாளையத்திலிருந்து வண்டியேறிய எனக்கு, இந்த இரண்டும் சேர்ந்து வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது மீசை முளைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. என் மாணாக்கர்களோ முழு மீசைக்காரர்கள், வாத்தியார் வேலைக்குச் சர்ட்டிபிகேட் வாங்க வந்தவர்கள், பாதிப்பேர் பிள்ளைகுட்டிக்காரர்கள். இப்போது போர்டிங் வேலைக்கு வரும் தம்பிகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: அங்கே மாணாக்கன் எவன், மாமன் எவன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

1. இடம் இல்லை

காலையில் தளவாய்புரத்து முத்தையா டிரங்குப் பெட்டியும் தலையுமாக வந்து நின்றான். வகுப்பில் சேர்ந்த ஒருவன் வேண்டாமென்று போய்விட, அந்த இடத்துக்கு இவனைக் கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பு தொடங்கிச் சில வாரம் ஆகியிருந்தது. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

“ஓய், ஸ்டைபெண்டுப் பணம் வாங்குறவன் போர்டிங்லதான் தங்கணும், அது சர்க்கார் உத்தரவு. சாயங்கால மணிக்குள்ள இவனுக்கு ஒரு எடம் காட்டும். இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவேன்.”

வெளியே வந்ததும் முத்தையா மெதுவாகச் சொன்னான்: “அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும் ஐயா. இதை விட்டா வேற கெடையாது.”

“பயப்படாதே, நான் இருக்கிறேன்” என்றேன். எனக்கே இடமில்லாதபோது சொன்ன வார்த்தை அது! கூடத்தில் பாயோடு பாய் ஒட்டிக் கிடந்தது. தாழ்வாரத்தில் கால் வைக்க வழியில்லை. என் அறைக் கட்டிலில் காதில் கடுக்கன் மின்ன ஒரு பெரிய மனிதர் படுத்திருந்தார். முதல் நாள் அவர் கம்பீரமாக உள்ளே வந்ததைப் பார்த்து, பள்ளிக்கூடத்துக் கமிட்டி மெம்பர் என்று நானாக நினைத்து, கட்டிலைத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன். இரவு நான் உறங்கியது அரிசி மூட்டைகளோடு.

2. ஆஜர்

சரி, ஆஜர் எடுத்தால் ஆள் கணக்குத் தெரிந்துவிடும் என்று பேர் கூப்பிட்டேன். “ராமசாமி!” என்றேன். “உள்ளேன் ஐயா” என்று ஒரு குரல் கிணற்றடியிலிருந்தும் இன்னொரு குரல் கூடத்திலிருந்தும் வந்தது. கூடத்துக் குரலுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

“நீர் ராமசாமியா?”

“அவன் குளிச்சுக்கிட்டிருக்கான் தம்பி. நான் அவன் தாய்மாமன், கான்சாபுரம். அவன் சொன்னா என்ன, நான் சொன்னா என்ன?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போர்டிங்கில் நிறைந்திருப்பது மாணாக்கர்கள் இல்லை. தேர் பார்க்க வந்த மாமன், மச்சான், சித்தப்பன்.

“எப்ப போறிய?”

“தேர் நிலைக்கு வரட்டும்.”

“அது எப்ப வரும்?”

“என்ட்ட கேட்டா? வடம் பிடிக்கிறவியள்ட்ட கேளும்.”

திருவிழாவுக்கு வந்த விருந்தாளியை எழுந்து போ என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை. தாழ்வாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கோட்டைத் திருப்பிப் போட்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. முத்தையா வழிக்குக் கொண்டுவந்த பொரியுருண்டையைப் பேசிக்கொண்டே நானே தின்று தீர்த்தேன். கடைசியில் இடம் கேட்டு வந்தவன் இடம் கொடுக்க வேண்டியவனைத் தேற்றினான்: “ஐயா, நீங்க செத்த நேரம் உக்காருங்க. தண்ணி குடிங்க.”

3. டிக்டேஷன்

தண்ணீர் உள்ளே போனதும் புத்தி வந்தது. மணியை எடுத்துக் கணகணவென்று ஆட்டினேன். “ஸ்கூல் இன்ஸ்பெக்டர் துரை வருகிறார்! இந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறவர் எல்லாரும் இங்கிலீஷ் டிக்டேஷன் எழுத வேண்டும்!”

அந்த மாதிரி ஒரு எழுச்சியை நான் தேரடியிலும் கண்டதில்லை. கான்சாபுரத்து மாமன் வேட்டியை மடித்துக் கட்டிப் பின்சுவரைத் தாண்டினார். கடுக்கன்காரர் மட்டும் நிதானமாக எழுந்து, “கணக்கும் உண்டோ?” என்று கேட்டார்.

“பின்னம் உண்டு.”

“அப்ப நான் எங்க சகலை வீட்டுல படுத்துக்கிடுதேன்.”

நான் பூரித்துப் போனேன். திரும்பிப் பார்த்தால், மாமன்களுக்குப் பின்னாலேயே என் மாணாக்கர்களும் சுவர் ஏறிக்கொண்டிருந்தார்கள்! கூடத்தில் பாய்கள் மட்டும் கிடந்தன. சரியாக அந்த நேரம் ஹெட்மாஸ்டர் உள்ளே வந்தார்.

“எடம் இல்லைன்னீர். இப்ப ஆளே இல்லையே ஓய்! என்ன பண்ணித் தொலைச்சீர்?”

நான் மணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். தூணோரம் முத்தையா சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹெட்மாஸ்டர் அவன் பக்கம் திரும்பினார்.

“ஏலே, எல்லாப் பயலும் ஓடுதான். நீ ஏன் ஓடலை?”

“எங்க ஐயா ஓட? இந்த ஊர்ல எனக்குச் சொந்தம்னு யாரும் இல்லை. நீங்க இருக்கச் சொன்னா இங்க இருக்கேன்.”

ஹெட்மாஸ்டர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். “சன்னலோரமாப் பாத்துப் பாயைப் போடு. உன்னை எழுப்ப எவன் வாரான்னு பாப்போம்” என்றார். மாணாக்கர்கள் சாப்பாட்டு மணிக்கு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஆளுக்கொரு பாய் போட்டும் கூடத்தில் நடக்க வழி இருந்தது.

அன்று முதல் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். இடம் கேட்டு எவன் வந்தாலும், நிறைந்திருக்கும் கூடத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. பெட்டியை இறக்கி வைக்கச் சொல்வேன், உட்காரச் சொல்வேன். பெட்டி ஒருமுறை தரையில் இறங்கிவிட்டால், அதை மறுபடி தலையில் தூக்கி வைத்து அனுப்ப எனக்கு மனசு வராது. பொறவு, இடம் எப்படியாவது கிடைத்துவிடும்.