மலைக்கும் கட்டை கொடுப்பவர்

சிவனொளிபாதமலை இன்னும் உருளாமல் நிற்கிறதென்றால், செபமாலை மாமா என்றைக்கோ அந்தப் பக்கம் லொறி ஓட்டிப் போனபோது அதற்கும் ஒரு கட்டை கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். மாமாவைப் போலப் பயப்படத் தெரிந்த டிரைவர் உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை.

இப்போதும் லொறிக்கு அடியில்தான் இருக்கிறார். தேயிலை மூட்டைகளைக் கொழும்பில் இறக்கிவிட்டு வந்து, எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே உள்ள சரிவு ரோட்டில் நிறுத்திப் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கிறார். வைத்ததைக் கையால் அசைத்துப் பார்க்கிறார். வீட்டு வாசல் வரை இறங்கி, மறுபடி ஏறிப்போய் அசைக்கிறார். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. முதலாளியிடம் சொன்னால், "சாமான் வரட்டும்" என்கிறாராம்.

"உருண்டா மொதல்ல போறது நம்ம லயந்தான்" என்பார் மாமா. சொல்லும்போதே சோற்றில் கை நின்றுவிடும்.

தீயணைக்கும் சிலிண்டரைக் கைப்பிள்ளை மாதிரி துவாயில் சுற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். லொறி வழியில் நின்றுவிட்டால் பின்னால் சிவப்பு முக்கோணம் வைப்பார். அதை நம்பாமல் மரக்கொப்பு ஒடித்துப் போடுவார். கொப்பையும் நம்பாமல் தானே போய் நிற்பார். கினிகத்தேனையில் பொலிஸ்காரர் கைகாட்டாமலே நிறுத்தி, மருந்துப்பெட்டி வரை இறக்கிக் காட்டுவார். போய்த் தொலை என்று அவர்கள் சிங்களத்தில் கெஞ்ச வேண்டும்.

ஒரு ஞாயிறு, பிரேக்கில் காற்று கசிவதைப் போல வாயால் "ஸ்ஸ்ஸ்" என்றேன். பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு லொறிக்கு அடியில் புகுந்துவிட்டார். கறுப்பாக வெளியே வந்தார்.

"உன் வாயின்னு தெரியும்டா. தெரிஞ்சாலும் பாக்காம எப்புடிப் போறது?"

நேற்று மழை விடவேயில்லை. ரோட்டோரம் களியாகக் குழைந்து கிடந்தது. கட்டை வழுக்குமோ என்று மாமா நாலைந்து தரம் ஏறி இறங்கினார். பிறகு, இருட்டும் நேரத்தில், தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ரோட்டிலிருந்து அவர் குரல் வந்தது.

"டேய் தனுஷா, இங்க வா. கட்டைக்கு அண்டக் குடுத்து கருங்கல்லு ஒன்னு இருக்கு. யாரு வச்சது?"

"எனக்கென்னா தெரியும்? உங்களாட்டம் பயந்தாங்கொள்ளி எவனாச்சும் வச்சிருப்பான்."

"வச்ச மடையன் மேட்டுப் பக்கமால்ல வச்சிருக்கான். லொறி என்னா மலையேறியா உருளும்?"

"பொய் சொல்லாதீங்க மாமா. பள்ளத்துப் பக்கந்தான் வச்சேன்."

மாமா டோர்ச்சைச் சக்கரத்தின் மேல் அடித்தார். கல் பள்ளத்துப் பக்கம்தான் இருந்தது.