அண்ணியின் பதினொரு திருத்தங்கள்

என் கணினித் திரையின் வலது மூலையில் ஒரு பெயரட்டை தொங்குகிறது. கூட்டங்களில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சாதாரண அட்டை. பிளாஸ்டிக் உறை மங்கிவிட்டது, நீலக் கயிறு ஒரு பக்கம் நைந்துவிட்டது. அட்டையில் 'திரு.' என்று அச்சிட்டு, பக்கத்தில் பெயர் எழுதக் கோடு விட்டிருக்கிறது. அந்தத் 'திரு.'வை பால்பாயின்ட் பேனாவால் அடித்துவிட்டு, கீழே தன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார் என் அண்ணி. கோபத்தில் இழுத்த கோடு இல்லை. பரீட்சைத் தாளில் தப்பான விடையை அடித்துவிட்டு அடுத்த வரியில் சரியானதை எழுதும் பிள்ளையின் கோடு மாதிரி, அளவாக, நேராக இருக்கும்.

அட்டையை அச்சடிக்கக் கொடுத்தவன் நான்தான். 'திரு.' போட்டால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன். கூட்டத்துக்கு ஒரு பெண் வந்தால் அவர் கழுத்தில் எதை மாட்டுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் "நம்ம கூட்டத்துக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை" என்று மாதாமாதம் அங்கலாய்த்தவர்களில் முதல் ஆள் நான்.

எங்களுடையது திருவண்ணாமலையில் ஒரு சின்ன கட்டற்ற மென்பொருள் குழு. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிக்கும் கடை ஒன்றுக்கு மேலே, மாடி அறையில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கூடுவோம். ஒன்பது பத்து பேர் வருவோம், அத்தனை பேரும் ஆண்கள். கட்டற்ற மென்பொருள் என்றால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பழுது கண்டால் திருத்தலாம், திருத்தியதை எல்லோருக்கும் கொடுக்கலாம். கூலி கிடையாது. கிடைப்பதெல்லாம் ஒன்றுதான். ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் திருத்தியவர் பெயர் ஏறிவிடும், அது அழியாது. நாங்கள் செய்துகொண்டிருந்தது பார்வையில்லாத மாணவர்களுக்காகத் தமிழ்ப் பாடப்புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள்.

'பெண்களுக்கு முன்னுரிமை' என்று போஸ்டர் அடித்தோம். பொறியியல் கல்லூரி வாசலில் நோட்டீஸ் கொடுத்தோம். யாரும் வரவில்லை. "ஆர்வம் கம்மி, வேற இன்னா" என்று முடிவு கட்டிவிட்டு, வழக்கம்போல எதிர்ப்பக்க டீக்கடைக்கு இறங்கினோம். எங்கள் வழக்கம் அது. மாடியில் இரண்டு மணி நேரம் பேசுவோம். ஆனால் எந்தத் திருத்தத்தை ஏற்பது, எந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவெல்லாம் டீக்கடை பெஞ்சில்தான் நடக்கும்.

அண்ணி கல்யாணமாகி கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சீர்வரிசைப் பாத்திரங்கள் ஏற்றிய வேனில் அண்டாவுக்குள் துணி சுற்றி ஒரு லேப்டாப்பும் வந்தது. பிளஸ் டூவில் அரசு கொடுத்த இலவச லேப்டாப். அதே லேப்டாப்பை வைத்துத்தான் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருந்தார். எல்லோரும் பயன்படுத்தும் இயங்குதளம் அதில் என்றோ உயிரை விட்டிருந்தது. கூடவே வந்த கட்டற்ற இயங்குதளத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் வாங்கிய அன்றே அழித்துவிடுவார்கள். அண்ணி அழிக்காமல் அதிலேயே குடித்தனம் நடத்தினார். நாங்கள் மேடை போட்டுப் பிரசாரம் செய்த விஷயம் எங்கள் வீட்டுப் பரணுக்குக் கீழே ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

ஒருநாள் காலை, பார்வையற்றோர் பள்ளி ஆசிரியர் ஒருவர் அனுப்பிய புகார்க் கடிதத்தைத் திரையில் திறந்து வைத்துவிட்டு நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். மென்பொருள் முப்பது நாற்பது பக்கங்கள் படித்ததும் உறைந்து நின்றுவிடுகிறது என்றார் அவர். எங்கள் யார் கணினியிலும் அப்படி நடக்கவில்லை. ஆசிரியர்தான் ஏதோ தப்பாகத் தட்டுகிறார் என்பது டீக்கடைத் தீர்ப்பு. வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தார். "தம்பி, என் லேப்டாப்லயும் அதேதான் ஆவுது. நாப்பதாவது பக்கத்துல நின்னுடுது" என்றார்.

நீங்கள் எப்போது இதை ஓட்டினீர்கள் என்று கேட்டேன். "நீங்கதான ஊருக்கெல்லாம் குடுக்கறீங்க. நான் எடுத்துக்கக் கூடாதா?" என்று சிரித்தார். எங்கள் ஒன்பது பேரிடமும் நல்ல புதுக் கணினிகள் இருந்தன. அந்தப் பள்ளிப் பிள்ளைகளிடம் இருந்ததோ அண்ணியிடம் இருந்த அதே பழைய இலவச லேப்டாப். புத்தகம் முழுவதையும் ஒரேயடியாக நினைவில் ஏற்றியதில் அதற்கு மூச்சு முட்டியது. நாங்கள் யாரும் பட்டிருக்க வழியில்லாத கஷ்டம் அது. அண்ணி மூன்று நாளில், குழந்தை தூங்கும் நேரங்களில், பக்கம் பக்கமாகப் படிக்கும்படி மாற்றி எழுதி பென் டிரைவில் கொடுத்தார்.

அதை நான் மென்பொருளின் இணையப் பக்கத்துக்கு என் கணக்கிலிருந்து அனுப்பினேன். என் பெயர் தானாக ஏறியது. அண்ணிக்கென்று ஒரு கணக்குத் தொடங்கத்தான் பார்த்தோம். அதற்கு ஓ.டி.பி. வேண்டும். அண்ணி பெயரில் இருந்த எல்லாவற்றுக்கும் அண்ணனுடைய போன் நம்பர்தான். அந்த போன் அண்ணன் சட்டைப் பையில், கழனியில் இருந்தது. இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் அண்ணன் மோட்டார் சத்தத்தில் எண்ணைத் தப்பாகச் சொல்லி, நேரம் கடந்துபோயிற்று. "யார் பேர்ல போனா இன்னா தம்பி, அந்தப் புள்ளைங்களுக்கு வேலை ஆவுதுல்ல" என்றார் அண்ணி. அந்த ஒரு வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அவசரத்துக்குச் சொன்னதை ஆயுளுக்கும் கொடுத்த அனுமதியாக எடுத்துக்கொண்டேன் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு வருடத்தில் பதினொரு திருத்தங்கள் என் பெயரில் போயின.

பெயர் பெரிதாகிவிட்டது. சென்னையில் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பழைய கணினிகளுக்காகச் சிந்திப்பது பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினேன். திரும்பி வந்ததும் அண்ணி, "வீடியோ பாத்தேன் தம்பி. நல்லாதான் பேசனீங்க. நான் எழுதனத எனக்கே புரியற மாதிரி சொன்னீங்க" என்றார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பிறகு ஒரு நேர்காணல் வந்தது. சென்னையில் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. குழந்தையை வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூரை விட்டு நகர முடியாத அண்ணிக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது. அவர் உள் அறையில் வீடியோ அழைப்பில் இருந்தார், நான் கூடத்தில் இருந்தேன். கதவு சாத்தவில்லை. எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், இதுவரை செய்த வேலை ஏதாவது காட்டுங்கள் என்று. அண்ணி எங்கள் மென்பொருளின் பக்கத்தைத் திறந்து பதினொன்றையும் காட்டினார். பதினொன்றின் பக்கத்திலும் மீசையோடு என் போட்டோ. "இது வேற ஒருத்தர் பேரா இருக்கே மேடம்?" என்றார் அவர். "எங்க வீட்டுக்காரரோட தம்பி சார். ஆனா எழுதனது நான்தான்" என்றார் அண்ணி. அவர் அதே மரியாதையோடு முடித்தார்: "சரி மேடம், உங்க பேர்ல எதாவது இருந்தா அனுப்புங்க."

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்த அறைக்குப் பத்து அடி. எழுந்து போய், சார், இவர் சொல்வது உண்மை என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். நான் எழுந்திருக்கவில்லை. வெட்கமா, பயமா, இன்னும் கொஞ்ச நாள் அந்தப் பெயர் எனக்கே இருக்கட்டும் என்ற ஆசையா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அண்ணி வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் சாப்பாடு போடும்போதுதான் வாய் திறந்தார். "கோவம் இல்ல தம்பி. நான் எழுதனத என்னாலயே காட்ட முடியல. அதான் ஒரு மாதிரி இருக்குது."

அன்றே எங்கள் குழுவின் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கல்லூரி ஆசிரியர், நாங்கள் சார் என்போம். நல்ல மனிதர், அதைவிட நல்ல குழப்பவாதி. பழைய பதிவில் பெயரை மாற்றினால் அதைப் பிரதி எடுத்து வைத்திருக்கும் எல்லோருக்கும் சிக்கல் வரும் என்றார். "நிஜமாவே அவங்கதான் எழுதனாங்களா, இல்ல நீங்க பாசத்துல சொல்றீங்களா?" என்று இன்னொருவர் குழுவில் கேட்டார். கடைசியில், அடுத்த கூட்டத்துக்கு அண்ணியே வந்து விளக்கட்டும் என்று முடிவானது.

அந்த ஞாயிறு பௌர்ணமி. யாருக்கும் அது உறைக்கவில்லை. நான் ப்ரொஜெக்டர் ஏற்பாடு செய்யக் காலையிலேயே பைக்கில் வந்துவிட்டேன். அண்ணி வந்த பஸ் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தில் நின்றுவிட்டது, ஆட்டோவையும் உள்ளே விடவில்லை. இடுப்பில் குழந்தை, தோளில் லேப்டாப் பையோடு கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்து நடந்து வந்தார். நாலரை மணிக்கு மாடிப்படி ஏறியவர், "பாதி கிரிவலம் ஆயிடுச்சி தம்பி, மீதிய திரும்பிப் போவும்போது முடிச்சிடறேன்" என்றார். நான் பெயரட்டையை நீட்டினேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனா கேட்டார்.

பெயர் எழுதப் போனவர் ஒரு கணம் நிறுத்தினார். சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து, ஆதாரில் அண்ணன் பெயரின் முதலெழுத்து. இரண்டையும் விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் எழுதினார்.

விளக்கவுரை என்று எதுவும் செய்யவில்லை. தன் பழைய லேப்டாப்பை மேசைமேல் வைத்து, திருத்தத்துக்கு முந்தைய மென்பொருளை ஓடவிட்டார். நாற்பதாவது பக்கத்தில் குரல் நின்றது. திருத்தியதை ஓடவிட்டார். குரல் நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டிப் படித்துக்கொண்டே போயிற்று. ஏன் அப்படி என்று சார் கேட்ட ஏழெட்டுக் கேள்விக்கும் தயங்காமல் பதில் சொன்னார். சந்தேகம் கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். "பிரமாதம்மா!" என்றார் சார். பிறகு எங்களைப் பார்த்து, "சரி வாங்க, டீ சாப்டுக்கினு முடிவு பண்ணிடலாம்" என்றார். நாங்கள் ஒன்பது பேரும் இறங்கினோம்.

ஆமாம், நானும்தான். கண்ணாடி டம்ளர் கையில் சுட்டபோதுதான் சுருக்கென்றது. நிமிர்ந்து பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் அண்ணி குழந்தையோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்வதற்குள் அவரே இறங்கி, நடந்துபோகும் பக்தர்களுக்கு வழிவிட்டுக் காத்திருந்து, ரோட்டைக் கடந்து வந்தார். "அண்ணா, சர்க்கரை கம்மியா ஒரு டீ, பாப்பாக்கு ஒரு பன்னு" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்னப் பத்தித்தான பேசறீங்க, நானும் இருந்தா இன்னா சார்? ஒரு வருசமா தம்பிக்கு வர்ற உங்க மெயிலெல்லாம் படிச்சிக்கினுதான் இருக்கேன். எல்லாத்துலயும் 'டீக்கடையில் பேசியபடி'னு ஆரம்பிக்கறீங்க. டீக்கடையில இன்னா பேசனீங்கன்னு எனக்கு எங்க தெரியும்?"

எங்களில் ஒருவர் எழுந்து பெஞ்சில் இடம் விட்டார். பெண்கள் ஏன் வருவதில்லை என்று எத்தனை ஞாயிறு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஆராய்ந்திருப்போம்! பதில் அந்தப் பெஞ்சாகவே இருந்திருக்கிறது.

"பழைய பதிவ மாத்த வேணாம் சார்" என்றார் அண்ணி. "தப்பு நடந்தது அதுல அப்படியே இருக்கட்டும். எது யார் எழுதனதுனு ஒரு குறிப்பு மட்டும் சேருங்க. பேசறத மேலயே பேசுங்க, இல்லனா எழுதிப் போடுங்க. அப்புறம் கூட்டத்த காலையில பதினோரு மணிக்கு வச்சிக்கோங்க. பௌர்ணமி அன்னிக்கி மட்டும் வேணாம்." சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்தப் பெஞ்சிலேயே அண்ணி தனக்கென்று ஒரு கணக்குத் தொடங்கினார். போன வாரம்தான் தன் பெயரில் புது சிம் வாங்கியிருந்தார். ஓ.டி.பி. அவர் கையிலேயே வந்து விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நான் அடித்தேன்: 'கீழே உள்ள பதினொரு திருத்தங்களையும் எழுதியவர் நான் அல்ல.' அதுதான் அந்த மென்பொருளில் நான் யார் உதவியும் இல்லாமல் எழுதிய முதல் நல்ல வரி.

அந்த வேலை கிடைக்கவில்லை. பக்கத்தின் முகவரியை அனுப்பியபோது வேறொருவரை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. அது என்னால் போனது, மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு வருடம் கழித்து வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்து, இப்போது கீழ்பென்னாத்தூர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பார்க்கிறார். கூட்டம் காலையில் நடக்கிறது. குழந்தைகளுக்கு ஒரு மூலையில் பாய் விரித்திருக்கிறோம். அடி அண்ணாமலையிலிருந்து இரண்டு பேர், செங்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் என்று ஒவ்வொருவராக வரத் தொடங்கி, இப்போது பாயில் இடம் போதவில்லை. வரும் திருத்தங்களைச் சரிபார்த்து ஏற்கும் பொறுப்பு அண்ணியுடையது. என்னுடையதைத்தான் ஜாஸ்தி திருப்பி அனுப்புகிறார். "தம்பி, பழைய லேப்டாப்ல ஓட்டிப் பாத்தீங்களா?" என்ற ஒரே வரியோடு.

அன்று கிளம்பும்போது கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார். "இத வச்சிக்கோங்க. அடுத்த தடவ யார் பேரப் போடறதுனு மறந்துட்டா பாத்துக்கலாம்."

இதை எழுதப் போவதாகச் சொல்லி, அவர் பெயரைப் போடட்டுமா என்று போன வாரம் கேட்டேன். திரையின் மூலையில் தொங்கிய அட்டையை ஒரு விரலால் நேராக்கிவிட்டார் அண்ணி.

"வேணாம் தம்பி, என் பேரு இருக்க வேண்டிய எடத்துல இருக்குது. இத உங்க பேர்லயே போட்டுக்கோங்க. இது நிஜமாவே நீங்க எழுதனதுதான?"