முங்குகிறவனுக்காக ஒரு போன் நம்பர்

தூத்துக்குடி திரேஸ்புரத்து வில்பிரட் பர்னாந்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருடம் மாலத்தீவின் மாலித் துறைமுகத்துக்கு வெங்காயமும் சிமெண்டும் கொண்டுபோகிற தோணியில் போனது. இப்போது அந்தத் தோணிக்கு அவர்தான் தண்டல், தலைமை மாலுமி. கடலில் தண்டல் சொல்தான் சட்டம் என்று கூட வருகிற எட்டுப் பேரும் நினைத்திருந்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார், போன பிப்ரவரி வரை.

அந்த மாதப் பயணத்தில், கிளம்பிய இரண்டாம் நாள், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மூன்று இலங்கைக்காரர்கள் மிதந்தார்கள். வில்பிரட் கயிறு வீசித் தூக்கினார். இதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

வயர்லெஸ்ஸில் தகவல் சொன்ன பிறகுதான் சிக்கல். போகிற நாடு, பாஸ்போர்ட் இல்லாதவர்களை இறக்கக் கூடாது என்றது. அவர்களுடைய சொந்த நாடு, மிகுந்த அக்கறையோடு கவனித்துவருவதாகச் சொன்னது. ஆட்களை எங்கே வந்து வாங்கிக்கொள்ளும் என்பதை மட்டும் சொல்லவில்லை. மூவரில் ஒருவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. வில்பிரட் தோணியைத் தூத்துக்குடிக்கே திருப்பினார்.

கடலில் தவிப்பவனைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்கிறது ஓர் உலக ஒப்பந்தம். தன் கரையில் யார் கால் வைக்கலாம் என்று தீர்மானிப்பது அந்தந்த நாட்டின் உரிமை என்கிறது உலக வழக்கு. இரண்டுக்கும் நாடுகள் கைதட்டியிருக்கின்றன, அநேகமாக ஒரே மண்டபத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும். இரண்டும் எங்கே முட்டிக்கொள்ளும் என்று யாரும் யோசிக்கவில்லை. வில்பிரட்டின் தோணியில் முட்டிக்கொண்டன.

மூவரும் மூன்றே வாரத்தில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வில்பிரட்டின் மாலுமிப் புத்தகம்தான், அனுமதியில்லாமல் ஆள் ஏற்றி வந்ததற்கு விசாரணை என்ற பெயரில் ஓர் அலுவலகத்தின் பீரோவுக்குள் போனது. அது கையில் இல்லாமல் தோணியில் ஏற முடியாது. காற்றுக்காலம் முடிந்து செப்டம்பரில் தோணிகள் கிளம்பும். அதற்குள் கிடைக்காவிட்டால் வேறு தண்டலைப் போட்டுக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார்.

ஜூலையில் வெளிநாட்டு அமைப்பு ஒன்றிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. படித்துச் சொல்ல, பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகிற பெண்ணான என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏளா, புத்தகத்தைத் தாராங்களாமா?"

"இல்ல மாமா. ஒங்க வீரத்துக்கு விருது தாராங்களாம்."

தூத்துக்குடியிலேயே நடந்த விருது விழாவில் அவருக்குச் சால்வை போர்த்திய சிறப்பு விருந்தினர், பீரோ சாவியை வைத்திருந்த அதே அதிகாரி. மனிதநேயத்துக்கு எல்லையே கிடையாது என்று இருபது நிமிடம் பேசினார். மேடையிலிருந்து இறங்கியதும் வில்பிரட் புத்தகத்தைப் பற்றிக் கேட்டார்.

"அது வேற ஃபைல்" என்றார் அதிகாரி.

வில்பிரட்டின் மனைவி அமலோற்பவம் சால்வையைத் தடவிப் பார்த்தார். "நல்ல துணிதான். இதையே தோணிக்குப் பாயாக் கட்டி மாலிக்குப் போயிட்டு வாங்க."

ஆகஸ்ட் கடைசியில் அலுவலகம் கூப்பிட்டது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் புத்தகம் கிடைக்கும். ஆங்கிலம் என்பதால் நானும் போனேன். 'உரிய அதிகாரியின் முன்அனுமதி இன்றி இனிக் கடலில் எவரையும் ஏற்ற மாட்டேன்' என்று இருந்தது.

வில்பிரட் பேனாவைத் திறந்துவிட்டு நிறுத்தினார்.

"ஐயா, அந்த உரிய அதிகாரி யாரு?"

"அது சூழ்நிலையைப் பொறுத்தது, தண்டல்."

"சூழ்நிலைய நான் சொல்லுதேன். அல தூக்கி அடிக்கி, ஒருத்தன் முங்குதான். ஒரு பேரும் போன் நம்பரும் இதுலயே எழுதித் தாங்க. கூப்பிட்டுக் கேக்கேன். அதுக்குள்ள அவன் செத்துட்டான்னா நம்பருக்காரரு பதில் சொல்லட்டும்."

அதிகாரி பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். தாள் ஒரு மணி நேரம் மேஜை மேஜையாகப் போய், மாடிக்கும் ஏறி இறங்கி வந்தது. போன இடமெல்லாம் சட்டம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தன் நம்பரை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை.

தாள் கையெழுத்து இல்லாமலே கோப்புக்குள் போனது. புத்தகம் வெளியே வந்தது. விசாரணை முடிந்ததென்று முத்திரை குத்தியிருந்தார்கள். மேலே இருந்த கையெழுத்து யாருடையது என்று என்னால் படிக்க முடியவில்லை.

செப்டம்பரில் தோணி கிளம்புகிற அன்று வில்பிரட் தன் பையில் சால்வையையும் மடித்து வைத்தார்.

"அது எதுக்கு? மாலியில போத்திக்கிட்டு நடக்கவா?" என்றார் அமலோற்பவம்.

"போன தடவ காய்ச்சக்காரனுக்குப் போத்த ஒண்ணுமில்லாமப் போச்சுல்லா."