ஏரிக்குள் விழுந்த தீர்க்கரேகை

பஸீல் லடூசர் பதினொரு கோடை நில அளவைக் குழுவுக்கு மூட்டை சுமந்தவன். பன்னிரண்டாவது கோடையில்தான் கைக்குப் பென்சில் வந்தது. வடக்கு சஸ்காட்சுவான், 1926. அளவைக் குழுவின் தலைவர் டன்ஸ்மோர் தியோடலைட் என்ற தொலைநோக்கிக் கருவியில் சூரியனைப் பார்ப்பார். "வருது, வருது..." என்பார். சூரிய விளிம்பு குறுக்கிழையைத் தொட்டதும் "இப்போ!" பஸீல் காலமானியைப் பார்த்து நேரம் எழுதுவான். காலையில் இருபத்துநான்கு தடவை, மாலையில் இருபத்துநான்கு. சராசரி எடுத்து, வானொலி சொல்லும் கிரீனிச் நேரத்திலிருந்து கழித்தால் தீர்க்கரேகை.

ஓர் ஏரியின் மேற்குக் கரையில், இடம் ஏற்கெனவே தெரிந்த பித்தளைக் குறி ஒன்றின் மேல் கருவியை வைத்தார்கள். பஸீலுக்கு அதுதான் சோதனை. மூன்றாம் நாள் டன்ஸ்மோர் கணக்கை முடித்தார்.

"பஸீல், கணக்குப்படி நாம தண்ணிக்குள்ள நிக்கிறோம். நானூறு அடி கிழக்கே."

"அதான் பூட்ஸ் ஈரமா இருக்கு" என்றான் சமையல்காரன் மொயீஸ். பஸீலின் அக்கா புருஷன்.

"நாளைக்கும் இப்படி வந்தா பென்சில் வேற ஆளுக்கு. நீ மூட்டைக்குத் திரும்பிடு."

பஸீல் குறிப்பேட்டைப் புரட்டினான். "எல்லா அளவும் ஒண்ணோடொண்ணு ஒத்துப்போகுதுங்களே?"

"எல்லாத்துலயும் ஒரே தப்பு இருந்தா சராசரியிலயும் அதே தப்புதான் இருக்கும்."

மொயீஸ் வாணலியில் ரொட்டியைப் புரட்டினான். "ஐயா, கல்யாணத்துல இவன் பிடில் வாசிச்சுப் பார்க்கணும். தாளம் வர்றதுக்கு முன்னாடியே காலைத் தட்டிடுவான். என் பொண்டாட்டிக்கு ஆடி ஆடிக் கால் சுளுக்கிடுச்சு."

"அக்காவுக்கு ஆடத் தெரியல, மாமா. என்னைச் சொல்லாதே."

டன்ஸ்மோர் சிரிக்கவில்லை. இரண்டாவது காலமானியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் போனார். அங்கிருந்து "வருது, வருது, இப்போ!" முப்பது தடவை. ஒவ்வொரு தடவையும் அவரும் பஸீலும் தனித்தனியே நேரம் எழுதினார்கள். திரும்பி வந்து ஒப்பிட்டார். காலமானி வினாடிக்கு இரண்டு முறை துடிக்கும். முப்பதிலும் பஸீல் ஒரு துடிப்பு முந்தியிருந்தான்.

"பிந்திடுவேனோன்னு பயம்ங்க. நாளைலேருந்து திருத்திக்கிறேன்."

"திருத்தினே, கொன்னுடுவேன்! இன்னைக்குப் பயந்த மாதிரியே நாளைக்கும் பயப்படு. அரை வினாடியை நான் கூட்டிக்கிறேன்."

மறுநாள் பஸீல் ஒழுங்காகப் பயந்தான். கணக்கு கரையேறிக் குறிக்கு இருபது அடியில் வந்து நின்றது. மொயீஸ் வாணலியை அடித்துக் கூத்தாடினான்.

டன்ஸ்மோர் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதினார்: "எழுதுபவர் லடூசர். ஒவ்வொரு நேரத்துக்கும் அரை வினாடி கூட்டவும்." அதன் பிறகு பதினான்கு கோடைகள். ஒவ்வொரு புதுக் குறிப்பேட்டிலும் பஸீல் தன் கையாலேயே முதலில் எழுதியது அந்த வரியைத்தான்.