மழையில் பாலம் கடந்த இன்பராணி

மாதா கோயில் குடும்ப விழாவில் ஸ்டானிஸ்லாஸ் கயிறு இழுத்தார். அவருடைய அணி வென்றது. முழங்கால் தோற்றது.

மாவுக்கட்டோடு அவரை மலேசியாவின் ஸ்கூடாயில் இருக்கும் வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்த பிறகுதான் மனைவி இன்பராணிக்கு உறைத்தது: நாளையிலிருந்து தன்னை யார் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் விடுவது?

இன்பராணி சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் மருத்துவ ஊசிக்குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். ஆபரேட்டராகச் சேர்ந்து, பல வருடம் காத்திருந்து, அந்த மாதம்தான் காலை ஷிப்டுக்கு லைன் லீடர் ஆகியிருந்தார். மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய், இரவு ஷிப்டிடமிருந்து இயந்திரங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். பேருந்தில் போய்ப் பார்த்தார். எல்லைச் சோதனை வரிசை நகரவில்லை. அந்த வாரமே இரண்டு முறை தாமதம். மேலாளர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அடுத்த வாரமும் இப்படியென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக அமைதியாகச் சொன்னார்.

மிச்சமிருந்த வழி, கணவரின் மோட்டார் சைக்கிளைத் தானே ஓட்டிப் போவது.

லைசென்ஸ் இருந்தது. ரெங்கம் தோட்டத்தில் இருந்தபோது இளம்வயதில் எடுத்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று உரசிக்கொண்டு போன நாளோடு மோட்டாரை விட்டவர். கல்யாணத்துக்குப் பிறகு, தினமும் கணவரின் முதுகுக்குப் பின்னால் கண்ணை மூடிச் செபமாலை சொல்லியே எல்லையைக் கடந்தார். ஜொகூர் பாலம் எவ்வளவு நீளம் என்று அவர் பார்த்ததே இல்லை.

பார்க்காமல் இருந்ததில் நியாயம் உண்டு. விடியலுக்கு முன்னால், காற்றுக்காக ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்ட ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அந்தப் பாலத்தில் பாய்வார்கள். பக்கத்து மோட்டாரின் கண்ணாடி நம் முழங்கையைத் தொடும். தயங்கினால் பின்னாலிருந்து ஹார்ன் கிழிக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து, கூட்டம் கலைந்ததும், கோயில் வளாகத்திலேயே பயிற்சி நடந்தது. ஸ்டானிஸ்லாஸ் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு வாசுகி கூட வந்திருந்தார். சிங்கப்பூருக்குத் தினமும் தானே மோட்டார் ஓட்டிப் போகிறவர்.

முதல் சுற்றிலேயே பிரச்சினை தெரிந்துவிட்டது. இன்பராணிக்கு எது தொடங்கினாலும் சிலுவை அடையாளம் போட்டாக வேண்டும். சோறு, மின்தூக்கி, மோட்டார், எதுவானாலும். பின்னால் உட்கார்ந்திருந்தவரை யாருக்கும் ஆபத்தில்லை. இப்போது அதே வலது கையில்தான் முறுக்கும் பிடி இருக்கிறது. முன் பிரேக்கும் இருக்கிறது.

"ராணி, கைய எடுக்காத!" என்று ஸ்டானிஸ்லாஸ் கத்துவதற்குள் மோட்டார் நகர்ந்துவிட்டது. வலது கை நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, இடது தோளுக்குப் போனபோது முன்சக்கரம் வளைந்தது. மாதா சொரூபம் இருந்த கெபியின் பூந்தொட்டிகளில் போய் விழுந்தார்.

"மாதா காப்பாத்தணும்னு நேரா மாதாகிட்டயே போயிட்டியா?"

"அண்ணே, சிரிக்காதீங்க. தொட்டி உடைஞ்சிருந்தா ஃபாதர் உங்களத்தான் பிடிப்பாரு" என்றார் வாசுகி.

இன்பராணி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கயிறு இழுக்கத் தெரியாத ஆளு எனக்கு மோட்டார் சொல்லித் தர்றாரு."

"ஏன் இன்பா, வீட்லயே கும்பிட்டுட்டுக் கிளம்பக் கூடாதா? நான் முருகனக் கும்பிட்டுட்டுத்தானே கிளம்புறேன்?"

"வீட்லயும் போடுவேன் லா. கை தானா போவுது. பயந்தா போவுது."

மறுபடி ஓட்டினார். மறுபடி கை எழுந்தது. பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டுக் காலியான கோயிலுக்குள் போனார். வெளியே வர நேரமானது.

"என்ன கேட்ட?" என்றார் வாசுகி.

"பயத்த எடுத்துடுங்கன்னுதான் இத்தன வருஷமா கேட்டேன். எடுக்கல. இன்னிக்கி வேற மாதிரி கேட்டேன். பயம் இருக்கட்டும் ஆண்டவரே, நீங்க பின்னால உக்காருங்க, எறங்கிடாதீங்கன்னு."

"ஆண்டவர பின்சீட்லயா?"

"ஏன், ஹெல்மெட் தேடணுமா? கூடவே இருக்கிறவர கைகாட்டியா கூப்பிடுவாங்க?"

அடுத்த சுற்றில் கை பிடியிலேயே இருந்தது. அதற்கடுத்த சுற்றிலும்.

திங்கட்கிழமை வாசுகி முன்னால் போக, இன்பராணி அவருடைய சிவப்புப் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். குடிநுழைவுச் சாவடியைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. சிலர் மழைச்சட்டை போட ஓரம் கட்டினார்கள். பாதை சுருங்கியது, கூட்டம் நெருக்கியது. முன்னால் ஒரே மாதிரி நூறு சிவப்பு விளக்குகள். வாசுகியைக் காணோம்.

இடப்பக்கம் ஒரு மோட்டார் குறுக்கே நுழைந்தது. கண்ணாடியோடு கண்ணாடி மோதியது. கைப்பிடி உதறியது. ஓரமாக நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. நிறுத்தினால் இந்தக் கூட்டத்துக்குள் மறுபடி நுழையும் தைரியம் வராது என்பதும் அவருக்குத் தெரிந்தது. வலது கை விரல்கள் பிடியைவிட்டு எழுந்தன.

"பின்னாலதானே இருக்கீங்க?" என்று வாய்விட்டே கேட்டார்.

விரல்கள் இறங்கிப் பிடியைப் பற்றின. பக்கத்தில் வந்த மலாய் இளைஞன் தன்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டான் போல. "ஜாலான் காக், ஜாலான்!" என்று போகச் சொல்லித் தலையசைத்து, கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டான். இன்பராணி முறுக்கினார். கண்ணை மூடாமல், மழையில், பாலத்தின் முழு நீளத்தையும் பார்த்துக்கொண்டே போனார்.

தொழிற்சாலையில் இரவு ஷிப்டின் லைன் லீடர் மலர் காத்திருந்தார். ஆபரேட்டர்கள் இன்னும் வரவில்லை. கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் எட்டிப்பார்த்தார்; சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்; திரும்பித் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

"அலமாக், மோட்டார்லயா வந்தீங்க? கை எப்படி நடுங்குது பாருங்க. போய் டீ குடிச்சிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கிறேன்."

இன்பராணி தன் கையைப் பார்த்தார். மறைத்துக்கொள்ளவில்லை.

"அது பாட்டுக்கு நடுங்கட்டும், மலர். எந்த மெஷின் ராத்திரி தகராறு பண்ணிச்சி, அத சொல்லுங்க."