நான்கு சனிக்கிழமைகளின் கையெழுத்து

திருவெறும்பூரில் கொதிகலன் பாகங்கள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் ஸ்டோர் பார்ப்பது என் வேலை. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாற்பத்தாறு வயதில், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிபிஏ வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை மதியமும் ஞாயிறு முழுவதும் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வகுப்பு. மற்ற நாட்களில், ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டறைக்குப் போகும் பஸ்ஸில்தான் பாடம் படிப்பேன். காவேரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றால் எனக்கு இரண்டு பக்கம் லாபம்.

கிரேன் கொக்கியில் மாட்டிக் கனத்த கொதிகலன் டிரம்களைத் தூக்கும் கம்பிக் கயிறுகள் என் ஸ்டோரில்தான் தொங்கும். சனிக்கிழமைதோறும் அவற்றைச் சோதிக்க வேண்டும். பழைய வேட்டித் துணியைக் கயிற்றைச் சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுப்பேன். கம்பி இழை எங்காவது அறுந்திருந்தால் துணி அங்கே மாட்டும். ஒன்றிரண்டு இழை என்றால் அடையாளம் வைத்து மறுவாரம் அந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும். கொத்தாக மாட்டினால் வெட்டி எறிய வேண்டும். பார்த்து முடித்ததும் சுவரில் தொங்கும் தாளில் தேதிக்கு நேராகக் கையெழுத்து. கையெழுத்து இருந்தால், நான் இல்லாத நாளிலும் வாட்ச்மேன் ஸ்டோரைத் திறந்து கயிற்றைக் கொடுத்துவிடுவார்.

"என்னக்கா, கயித்துக்குத் தலை துவட்டுறீங்களா? ஜலதோஷம் புடிக்கப் போவுது" என்று கலாசி சீண்டுவார். பாரம் தூக்கும் வேலைக்காரரை எங்கள் பக்கம் கலாசி என்போம். கயிறு மாட்டுவதும், தொங்கும் டிரம்மைக் கையால் தொட்டுத் திருப்புவதும் அவர்தான். நான் சிரித்துவைப்பேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குக் குரல் வராது.

தேர்வு நெருங்கிய மாதத்தில் அதைச் செய்தேன். ஒரு சனிக்கிழமை ஒரு கயிற்றில் இரண்டு இழை மாட்டியது. சாக்பீஸால் கோடு போட்டேன். கையெழுத்திட்டேன். அடுத்த சனிக்கிழமைகளில் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்குமே என்று, கீழே இருந்த நான்கு தேதிகளுக்கும் அப்போதே கையெழுத்திட்டேன். நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை.

எங்கள் படிப்பில் ரிஃப்ளெக்‌ஷன் நோட்டு என்று ஒன்று உண்டு. வேலையில் அந்த வாரம் என்ன செய்தோம், அதைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்று எழுத வேண்டும். பாடம் படிக்கவே நேரமில்லாதபோது உட்கார்ந்து யோசிக்க எங்கே போவது? கைடைப் பார்த்து எழுதிவந்தேன். அப்படிக் கையெழுத்திட்டு மூன்று வாரம் கழிந்த ஞாயிறன்று, வகுப்பெடுக்கும், என்னைவிட இருபது வயதாவது சின்னவரான மேடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லா வாரமும் ஒரே மாதிரி இருக்குங்க. நேர மேலாண்மை முக்கியம், திட்டமிடல் முக்கியம். இதுல நீங்க எங்க இருக்கீங்க? உங்க கையால செய்யற ஒரு வேலையைப் பத்தி எழுதுங்க. இப்பவே, இங்கேயே."

கயிற்றைப் பற்றி எழுதினேன். துணியை எப்படிப் பிடிப்பது, எப்படி இழுப்பது. எழுத எழுத நன்றாகவே வந்தது. 'இரண்டு இழை மாட்டியது. கோடு போட்டேன். அடுத்த சனிக்கிழமை' என்று எழுதியதும் பேனா நின்றது. அடுத்த சனிக்கிழமை நான் அதைத் தொடவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. நேற்றும் இல்லை. சாக்பீஸ் கோடு இந்நேரம் அழிந்திருக்கும். வெள்ளிக்கிழமை கலாசி சொன்னது ஞாபகம் வந்தது. "ஞாயித்துக்கிழமையும் டூட்டிக்கா எங்களுக்கு. பெரிய டிரம் ஏத்தணும். நீங்க ஜாலியா காலேஜுக்குப் போங்க."

வெளியே வந்து வாட்ச்மேனுக்கு போன் செய்தேன். உள்ளே யாரிடமும் போன் இருக்காது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

"உள்ள வேலை நடக்குதுங்களா?"

"நடக்குதும்மா. காலையிலயே கயிறெல்லாம் குடுத்துட்டேன். ஏம்மா?"

நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பாரே என்று பயந்தேன். "சும்மாதான். வரேன்" என்று வைத்துவிட்டேன். இன்றும் என்னைத் துரத்துவது அந்த 'சும்மாதான்'.

திருவெறும்பூர் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. மறுபடி போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மடியில் நோட்டு இருந்தது. திறக்கவில்லை.

பட்டறைக்குள் நுழைந்தபோது டிரம் ஆள் உயரத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே கலாசி, ஒரு கையை உயர்த்தி அதைத் தொட்டு மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். இறக்குங்க என்றேன். யார் காதிலும் விழவில்லை. அப்புறம் கத்தினேன். அப்படி நான் அதற்குமுன் கத்தியதில்லை.

கலாசி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "என்னக்கா, பரீட்சையில ஃபெயிலா?"

"தள்ளி வாங்க. அந்தக் கயித்த நான் பாக்கல."

அவர் சிரிப்பு நின்றது. கையை எடுத்துப் பின்னால் வந்தார். கிரேன்காரர் டிரம்மை இறக்கினார். துணி தேட நேரமில்லாமல் என் சேலை முந்தானையைக் கயிற்றில் சுற்றி இழுத்தேன். அன்று கோடு போட்ட இடத்துக்குச் சற்று முன்பே மாட்டியது. இழுத்தேன், சேலை கிழிந்தது. கொத்தாக இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

சூப்பர்வைசர் தாளைக் கொண்டுவந்தார். "நேத்து தேதிக்குப் பார்த்ததா சைன் இருக்கேம்மா." விரல் ஒரு வரி கீழே இறங்கியது. "வர்ற சனிக்கிழமைக்கும் இருக்கே?"

நான் செய்ததைச் சொன்னேன். நானே பேனா வாங்கி நான்கு கையெழுத்தையும் அடித்தேன். எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். வேலை போகவில்லை. ரிஃப்ளெக்‌ஷன் நோட்டில் நின்ற இடத்திலிருந்து எழுதி முடித்து மேடத்திடமும் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "அந்தக் கலாசி நல்லா இருக்காரா?" என்று மட்டும் கேட்டார்.

நல்லாத்தான் இருக்கிறார். இப்போதும் காலையில் கயிறு வாங்க வருகிறார். நான் சோதித்துக் கையெழுத்திட்ட கயிற்றை எடுத்துக் கொடுக்கிறேன். அவர் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய துணி ஒன்றை எடுக்கிறார். என் கண்ணெதிரிலேயே முனையிலிருந்து முனைவரை இழுத்துப் பார்க்கிறார். தலை துவட்டும் பேச்செல்லாம் இல்லை. துணி எங்கும் மாட்டாமல் மறுமுனைக்குப் போய்ச் சேரும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.